வெளிச்சத்துக்கு ஒன்பது அடி

மேட்சிங் சென்டர் நடத்துகிறவளுக்கு ஒரே ஒரு எஜமான்தான் உண்டு, அவன் பெயர் சூரியன். மற்ற எஜமானர்களெல்லாம் வாடகை வாங்க வருகிறவர்கள்.

புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி, அதாவது பிட், அப்புறம் ஃபால்ஸ், லைனிங், உள்பாவாடை, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. நூற்றுக்கணக்கில் கலர் கலராகச் சுருட்டி அடுக்கி வைத்திருப்போம். இந்த டியூப் லைட் இருக்கிறதே, அது வாய் கூசாமல் பொய் சொல்லும். அதன் கீழே பாட்டில் பச்சையும் கறுப்பும் ஒன்று, மெரூனும் காபிப்பொடி கலரும் அண்ணன் தம்பி. அதனால் விவரம் தெரிந்த எந்தப் பெண்ணும் பிட்டைக் கடைக்குள்ளேயே பார்த்து வாங்கமாட்டாள். புடவையையும் நாலு பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள், வெயிலில் விரித்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். எந்த ஊர் மேட்சிங் சென்டரிலும் இதுதான் முறை.

நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நம்மை என்ன செய்யப்போகிறது.

மூன்றாம் நம்பர்

பெங்களூர் அல்சூர் கடைவீதியில் ஒரு மேட்சிங் சென்டரில் பன்னிரண்டு வருஷம் நான் சேல்ஸ் கேர்ள். கல்யாணமாகி, இரண்டு பெற்று, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் கேர்ள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடுகோடி தாண்டி ஓசூர் ரோட்டுப் பக்கம் ராகி வயலுக்கு நடுவே ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவருக்கு அடுகோடியில் லேத் பட்டறை வேலை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். அடுத்தவர் கடையில் நின்று தேய்ந்த கால் ஒரு நாளாவது சொந்தக் கடையில் நிற்க வேண்டாமா? கையில் கிடந்தது, கழுத்தில் கிடந்தது எல்லாம் அதற்குப் போனது. 'அமுதா மேட்சிங் சென்டர்' என்று போர்டு எழுதக் கொடுத்தபோது, என் பெயரை நானே நாலு தடவை படித்துப் பார்த்தேன்.

கடை பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் ஈசானி மூலை, அக்னி மூலை என்று திசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ராணி கலர் பிட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையிலிருந்தும் வாசல்வரை நடந்து பார்த்தேன். மூன்றாம் நம்பரிலிருந்து என் காலால் ஒன்பது அடி. நடுவில் படி கிடையாது, திருப்பம் கிடையாது. இதைவிட நல்ல கடை பெங்களூரிலேயே இருக்க முடியாது என்று தோன்றியது. சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி ரொம்ப நேரம் என்னை வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் வாஸ்து பாத்தாங்க. நீ ஒருத்திதாம்மா வெயிலு பாத்தே."

ராஜலட்சுமி மேடம்

கடை திறந்த முதல் வாரமே வந்துவிட்டார் ராஜலட்சுமி மேடம். கோரமங்கலாவில் வீடு. மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர்கள், மேடம் மாநில சர்க்கார் உத்தியோகத்திலிருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். கத்தரிப்பூ கலரில் ஒரு பட்டுப்புடவையை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கவுண்டரில் வைத்தார். எனக்கு உதவிக்கு அப்போது ரோஸி இருந்தாள், பிரேசர் டவுன் பெண். கை ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடும். கத்தரிப்பூவில் இருந்த பதினைந்து வகையையும் இறக்கிப் போட்டுவிட்டாள்.

மேடம் வாசலுக்கும் கடைக்குமாக நடந்தார், நடந்தார், அப்படி நடந்தார். நடுவில் ஒரு தடவை காபி கூட வரவழைத்துக் கொடுத்தேன், வெயிலில் நின்றே குடித்தார். ரோஸி ஒன்றை எடுத்து, "இதான் மேடம், கண்ணை மூடிட்டு வாங்கிக்கங்க" என்றாள். மேடம் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு வேறொன்றை எடுத்தார். அந்த வேறொன்றுதான் சரி, அது எனக்கும் தெரியும். பையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நோடம்மா, பேசறதுக்கு இவ இருக்கா, சிரிக்கறதுக்கு நீ இருக்கே. நான் உங்க ரெண்டு பேரையும் நம்பி வரல, இந்த வாசலை நம்பித்தான் வந்தேன்."

கத்தரிக்காய்

அந்த நல்ல நாட்களில் நடந்ததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதற்கு நல்லது அதிகம் இல்லை. ஒரு நாள் காலையில் பேங்க் ஆபீசர் மாதிரி ஒருவர் வந்தார். ப்ரீஃப்கேஸைத் திறந்தார். உள்ளே புடவை இருக்கும் என்று நாங்கள் காத்திருந்தால், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கத்தரிக்காயை எடுத்து வைத்தார். இந்தக் கலரில் ஒரு பிட் வேண்டுமாம். ரோஸி திரும்பி நின்று ரேக்கைப் பார்த்துக் குலுங்கினாள்.

நான் என் தொழிலை விட்டுக்கொடுக்கவில்லை. கத்தரிக்காயையும் ஆறு பிட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முறையாகப் பார்த்தேன். காம்பு ஓரம் ஒரு நிறம், வயிற்றுப் பக்கம் ஒரு நிறம். எந்த இடத்துக்கு மேட்ச் பண்ணட்டும் என்று கேட்டேன். அவர் அரண்டுபோய், வீட்டில் சொல்லவில்லையே என்றார். புடவையையே கொண்டுவந்திருக்கலாமே சார் என்றதற்கு, கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கேட்டேம்மா. புடவையை உங்க கையில நம்பிக் குடுக்க முடியாது, கத்தரிக்காய்னா தொலைஞ்சாலும் பரவாயில்லைன்னுட்டா."

நீலக் கூரை

கொஞ்ச வருஷத்தில் ஓசூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வந்தன. ராகி வயல் போன இடம் தெரியவில்லை. எங்கள் காம்ப்ளெக்ஸ்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய போர்டை இறக்கிவிட்டு 'மால்' என்று புது போர்டு ஏற்றினார்கள். வாசலுக்கு முன்னால் இருந்த காலி இடத்தை வளைத்துச் சுற்றிலும் கடை கட்டி, மேலே நீலக் கண்ணாடியில் கூரை போட்டு, நடுவில் ஒரு ஃபவுண்டன் வைத்தார்கள். வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு புது வாசல்வரை நடந்தேன். எண்பத்து நான்கு அடி.

தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கூரைதான் குடியைக் கெடுத்தது. நீலக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பளிச்சென்று இறங்கும். வருகிறவர்கள் அதையே வெயில் என்று நினைத்துக்கொண்டு ஃபவுண்டன் பக்கத்தில் பிட்டை விரித்துப் பார்த்து, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நடந்து ரோட்டில் போய்ப் பாருங்கள் என்று தொண்டை வலிக்கச் சொல்வேன். இதுவே வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்பார்கள்.

அப்படித்தான் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். அக்கா தங்கை அண்ணி என்று ஏழு பேருக்கும் ஒரே மாதிரி அரக்குக் கலர் புடவை. கூட்டத்தில் நானும் அசந்துவிட்டேன், ஃபவுண்டன் பக்கம் பார்த்த ஏழு பிட்டையும் வெட்டிக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் திறந்தவெளிப் பந்தலில். அங்கே போய்ப் பார்த்தால் புடவை அரக்கு, ரவிக்கை செங்கல். ஏழு பேரும் போட்டோவுக்குப் போர்த்திக்கொண்டு நின்றார்களாம். பெண்ணின் அக்கா ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷத்தில் என் கையால் வெட்டிய துணி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. அவள் சண்டைகூடப் போடவில்லை. கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கல்யாணத்தை உங்க மாலுக்குள்ளயே வெச்சிருந்தா எல்லாம் சரியா இருந்திருக்கும்."

நஞ்சப்பாவின் கண்

அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் வெட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். ஆனால் புது வாசலில் செக்யூரிட்டி போட்டுவிட்டார்கள். பில் போடாத துணி வெளியே போகக்கூடாது. பில் போட வேண்டுமென்றால் பிடித்திருக்க வேண்டும், பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். இதை நான் மால் மேனேஜருக்கு மூன்று தடவை விளக்கினேன். அவர் மூன்று தடவையும் புரிகிறது என்றார்.

காப்பாற்றியது செக்யூரிட்டி நஞ்சப்பாதான். கோலார் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். பிட்டைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். அவர் முன்னால் நடப்பார், வாங்குகிற அம்மாள் புடவையோடு சும்மா கூடப் போவாள். செக்யூரிட்டி கையில் இருக்கிற துணியை எந்த செக்யூரிட்டி பிடிக்க முடியும்? ஆறு மாதத்தில் மனுஷனுக்குக் கண் பழகிவிட்டது. "இதுல மஞ்சள் ஒரு சிட்டிகை ஜாஸ்தி, வேற குடுங்க அக்கா" என்று அவரே திருப்பி அனுப்புவார். சொன்னால் சரியாக இருக்கும். சில பெண்கள் கடைக்கு வந்ததும் என்னை விசாரிக்காமல் அவரைத்தான் விசாரித்தார்கள்.

கேமரா வைத்தார்கள். வாசலில் ஆள் இல்லை, ஆள் ரோட்டில் நின்று ரவிக்கைத் துணியை விரித்து வெயிலில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேமராவில் தெரிந்தது. அடுத்த வாரம் அவரைப் பின் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெனரேட்டரைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. என்னால்தானே இப்படி ஆனது. மன்னிப்புக் கேட்கப் போனால், தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இங்க பூரா வெயிலுதான் அக்கா. பிட்டுதான் இல்ல."

ஜன்னல்

அப்புறம்தான் பெரிய பிளாக் வந்தது. தியேட்டர், எஸ்கலேட்டர், ஒரே இடத்தில் ஊர்ப்பட்ட சாப்பாட்டுக் கடைகள். முக்கிய வாசல் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, மேலே ஒரு பல்பசை விளம்பரம் ஒட்டினார்கள். மூன்றாம் நம்பரிலிருந்து வெளிச்சத்துக்கு இப்போது நானூற்றுப் பன்னிரண்டு அடி, நடுவில் ஒரு எஸ்கலேட்டர். எண்ணிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிறகு யோசித்தேன். என் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. ஜெனரேட்டரும் நஞ்சப்பாவும்தான் இருக்கிறார்கள். அந்தச் சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன். மேனேஜரிடம் போய் நின்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். மறுபடி போனேன், மறுபடி போனேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டு மேஜையில் ஒரு பெரிய பிளானை விரித்தார். மூன்றாம் நம்பர் பின்சுவரில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம். "உங்க சுவத்துலதான் வருது, ரேக்கைக் காலி பண்ணி வைங்க" என்றார். என்ன வருகிறது என்று நான் கேட்கவில்லை. உங்களில் யாராவது கேட்டிருப்பீர்களா? எனக்குத் தெரிந்து சுவரில் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

கடையைச் சுற்றி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். பின்சுவர் ரேக்கைக் காலி செய்து, அத்தனை துணியையும் போர்வையில் மூட்டை கட்டித் தரையில் போட்டேன். ரோஸி மாம்பழ மஞ்சளில் மிஞ்சின துண்டுகளைச் சேர்த்து ஜன்னலுக்கு ஒரு திரைகூடத் தைத்துவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம் அடுத்த வாரம் வாருங்கள், இங்கேயே வெயில் வரப்போகிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு ஆட்கள் வந்தார்கள், துளை போட்டார்கள், ஒரு சிவப்பு இரும்புப் பெட்டியைச் சுவரில் பதித்தார்கள். உள்ளே தீயணைக்கிற குழாய் சுருட்டி வைத்திருந்தது. நான் உள்பாவாடை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன், மறைக்க எனக்கென்ன. ஜன்னல் எங்கே என்று ரோஸி சண்டைக்குப் போனதும் சூப்பர்வைசர் வந்தார். பெட்டியின் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "ஜன்னல்னு யாரு மேடம் சொன்னது? ஆனா இதுலயும் கண்ணாடி இருக்கு, அவசரம்னா உடைச்சுக்கலாம்."

ரோஸியின் புது வேலை

தைத்த திரையை என்ன செய்வது? ரோஸி அதைச் சிவப்புப் பெட்டிக்கே மாட்டிவிட்டாள். தீயணைப்பு இன்ஸ்பெக்‌ஷன் வந்து கழற்றச் சொல்லும்வரை அது அங்கேதான் தொங்கியது. திரை போன மாதமே ரோஸியும் போனாள். பெரிய பிளாக்கில் சென்ட் விற்கிற கடை, ஏசி, யூனிபாரம், உட்கார நாற்காலி.

நான் தடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு பேர் வருகிற கடையில் அவளை எதற்குப் பிடித்து வைப்பது? முதல் நாள் யூனிபாரத்தோடு வந்து எனக்குக் காட்டினாள். இரண்டு பேரும் அழாமல் இருந்ததே பெரிய விஷயம். வேலை கஷ்டமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "அங்க ஒண்ணும் மேட்ச் பண்ண வேணாம் அக்கா, சிரிச்சா போதும்."

அடையாளம்

பழைய பிளாக்கில் மிச்சம் இருந்தது மூன்றே கடை. ஆனால் மால் முழுவதிலும் க்யூ இல்லாத டாய்லெட் எங்கள் சந்தின் கடைசியில்தான். அதனால் சனி ஞாயிறில் என் கடைக்கு நல்ல கூட்டம். ஒவ்வொருவராகத் தலையை நீட்டி டாய்லெட் எங்கே என்று கேட்பார்கள். தமிழில், கன்னடத்தில், உருதுவில், இந்தியில், இங்கிலீஷில் நான் பதில் சொல்லிப் பழகினேன். கடைசியில் ரவிக்கைத் துணி அட்டையின் பின்பக்கம் அம்புக்குறி போட்டு மாட்டியும் பார்த்தேன். அட்டைக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டார்கள்.

ராஜலட்சுமி மேடமும் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார். நானூறு அடி நடக்க அவரால் ஆகாது, எஸ்கலேட்டர் என்றால் பயம். போனில் மட்டும் பேசுவார். இப்படி நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரமாகப் போன ஒரு பெரியவர் திரும்பி வரும்போது நிதானமாக நின்றார். ஏதாவது வாங்குவார் போலிருக்கிறது என்று நான் எழுந்தேன். கை கூப்பிவிட்டுச் சொன்னார்: "கடையை எடுத்துடாதீங்கம்மா, எங்களுக்கு நல்ல அடையாளமா இருக்கு."

ஒத்துப்போகக் கூடாது

இதற்கு நடுவில் என் தொழிலுக்கே ஒரு வியாதி வந்தது. அதன் பெயர் கான்ட்ராஸ்ட். ஒரு நாள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மயில் கழுத்துக் கலரில் நல்ல புடவை வைத்திருந்தாள். எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. மயில் கழுத்தில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டு, நானே கூட வருகிறேன், எஸ்கலேட்டர் ஏறி வெளியே போய்ப் பார்த்துவிடலாம் என்று செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

அவள் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மேல் ரேக்கில் இருந்த ஆரஞ்சைக் காட்டினாள். அது இந்தப் புடவைக்கு ஒத்துவராதே கண்ணு என்றேன். அதுதான் வேண்டும் என்றாள். இருபது வருஷமாக ஒரு நூல் பிசகினால் தூக்கம் வராமல் வாழ்ந்தவள் நான். துணியை வெட்டி மடித்துக் கொடுத்தேன். போகும்போது அவள் பிரியமாகத்தான் சொன்னாள்: "எதை வேணா குடுங்க ஆன்ட்டி, மேட்ச் ஆகாம இருந்தாப் போதும்."

நாலாம் கேட்

கடைசியாக மேனேஜர் ஒரு கடிதத்தோடு வந்தார். பின்பக்கத்து மண் ரோட்டை அகலமாக்கித் தார் போட்டுவிட்டார்கள், இப்போது வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான். மாலுக்கு அங்கே புதிதாக நாலாம் கேட் வருகிறது. கேட் எங்கே என்று பிளானில் காட்டினார். மூன்றாம் நம்பர் கடை இருந்த இடத்தில் கடையே இல்லை, அகலமாக ஒரு வாசல் இருந்தது. எனக்கு பேஸ்மென்ட்டில், பார்க்கிங் பக்கத்தில் ஒரு தட்டிக் கடை தருகிறார்களாம். இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் கேட்டேன், திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒன்றும் மாறவில்லை.

மாதக் கடைசிவரை டைம் என்றார்கள். ஆனால் சுவரை உடைக்கிற ஆட்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் துணிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து இடி விழுந்தது. முதலில் சிவப்புப் பெட்டி விழுந்தது. பிறகு பெரிதாக ஒரு ஓட்டை. தூசி அடங்கினதும் வெயில் நேராகக் கடைக்குள் வந்து என் ரேக்கின் மேல் விழுந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். கறுப்பு வரிசையில் மூன்று பாட்டில் பச்சை கிடந்தது. காபிப்பொடிக்கு நடுவில் மெரூன். எத்தனை வருஷமாக இப்படித் தப்புத் தப்பாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ. யாருக்காக என்று தெரியாமலே உட்கார்ந்து மாற்றி அடுக்க ஆரம்பித்தேன்.

அப்போது ஓட்டை வழியாக நஞ்சப்பா தலையை நீட்டி, "அக்கா, கிராக்கி" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தடியோடு, ராஜலட்சுமி மேடம். புது ரோட்டில் ஆட்டோக்காரர் அங்கேயே இறக்கிவிட்டிருக்கிறார். செங்கல் மேல் கால் வைத்து, உடைந்த சுவர் வழியாக நேரே கடைக்குள் வந்துவிட்டார். அதே கத்தரிப்பூப் புடவை. பழைய ரவிக்கை சின்னதாகிவிட்டதாம், பேத்தி கல்யாணத்துக்குக் கட்ட வேண்டுமாம். நான் ஐந்து பிட்டை எடுத்து வெயிலில் போட்டேன். யாரும் ஓரடிகூட நடக்கவில்லை. மேடம் குனிந்தார், ஒன்றைத் தொட்டார், இதுதான் என்றார். நஞ்சப்பாவும் தலையாட்டினார். அதுதான் சரி.

வெட்டிக் கொடுத்தேன். நேராகத்தான் வெட்டினேன். மேடத்துக்குக் காது இப்போது சரியாகக் கேட்பதில்லை, விஷயத்தை எப்படிக் கத்திச் சொல்வது என்று நானும் நஞ்சப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவர் உடைத்தவர்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, அவர் போகட்டும் என்று வெளியே காத்திருந்தார்கள். மேடம் வெயிலையும் ரேக்கையும் என்னையும் சுற்றிப் பார்த்து, என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல இப்பத்தான் உன் கடை சரியா அமைஞ்சிருக்கு. என்ன ஆனாலும் இந்த இடத்தை மட்டும் விட்டுடாதேம்மா."

இப்போது பேஸ்மென்ட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே கைக்குட்டை விற்கிறேன், எல்லாமே வெள்ளை, அதனால் எந்த எஜமானையும் எதிர்பார்த்து நிற்க வேண்டிய வேலை இல்லை.